நைல் நதியில் நான்கு இரவு

ஸ்ரீரங்கம்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணா மாடிப்படி ஏறி இறங்குகிறார் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்கு மறுபடியும் பெண் குழந்தை. பேர் வைப்பதில் இரண்டு சம்பந்தி வீட்டுக்கும் நடக்கும் இழுபறியை நேரில் வந்தால் சொல்கிறேன்.

பிப்ரவரியில் எகிப்து போய் நைல் நதிக் கப்பலில் ஏறப்போகிறோம், எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியை நான் மறப்பேன், மீதியை நீ மறப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கப்பல் என்றதும் கடல் கப்பலை நினைத்துக்கொள்ளாதே. இது மிதக்கும் லாட்ஜ். நாலைந்து அடுக்கு, மேலே மொட்டைமாடி, அதில் ஒரு சின்ன நீச்சல் தொட்டி, சாய்வு நாற்காலிகள். அலை இல்லாததால் ஆட்டமும் இல்லை, குமட்டலும் இல்லை. லக்சரில் ஏறி அஸ்வானில் இறங்க வேண்டும். எவ்வளவு தூரம் தெரியுமா? உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் உள்ள தூரம்தான், 200 கிலோமீட்டரும் கொஞ்சமும். கோயம்புத்தூர் பஸ்ஸில் ஒரு தூக்கம் போட்டால் முடிகிற தூரத்துக்கு நான்கு இரவு! மொத்தமாகக் கூட்டினால் கப்பல் ஓடுவது ஒரு பகல், ஒரு இரவு தேறினால் அதிகம். மற்ற நேரமெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். இதை எங்களுக்கு யாரும் முன்னாடியே சொல்லவில்லை.

கட்டிக் கிடப்பதிலும் ஒரு கூத்து. துறையில் இடம் போதாமல் கப்பலோடு கப்பலை ஒட்டி மூன்று நான்கு வரிசையாக நிறுத்துகிறார்கள். கரைக்குப் போக அடுத்தவர் கப்பலின் வரவேற்பறை வழியாகத்தான் நடக்க வேண்டும். ஆற்றைப் பார்த்த அறை என்று கூடுதலாகப் பணம் கட்டியிருந்தோம். முதல் நாள் காலை ஆசையாகத் திரையை விலக்கினால் இரண்டடி தள்ளி இன்னொரு ஜன்னல், அதில் பல் துலக்கிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். அவரும் திரையை இழுத்தார், நானும் இழுத்தேன்.

லக்சரைப் பற்றி நிறைய எழுதப் போவதில்லை, அங்கே கைடு விடாமல் சொல்வார். அங்கே கர்னாக் கோயிலில் ஒரே மண்டபத்தில் 134 தூண்கள். ஆயிரங்கால் மண்டபத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நானே வாயடைத்து நின்றேன். சூரியன் மறைகிற மேற்குக் கரை இறந்தவர்களுக்கு, அரசர்களின் கல்லறைப் பள்ளத்தாக்கு அங்கேதான். பொதுச் சீட்டில் மூன்று கல்லறைகள் பார்க்கலாம், துட்டன்காமன் ராஜாவின் கல்லறைக்குத் தனிச் சீட்டு. எல்லாமே இறக்கமும் ஏற்றமும். அண்ணாவுக்குச் சரிவு குறைவாக இருப்பவையாகப் பார்த்து மூன்றைச் சொல்லும்படி கைடிடம் முதலிலேயே கேட்டுவிடு.

ஒரு சேதி மட்டும் சொல்லாமல் விட முடியாது. லக்சருக்கு வடக்கே கிஃப்ட் என்று ஒரு ஊர் இருக்கிறது. நம் பக்கத்து மிளகு செங்கடல் துறைமுகங்களில் இறங்கி, பாலைவனம் தாண்டி அந்த ஊருக்கு வந்து, அங்கிருந்து நைல் வழியாகப் படகில் அலெக்சாந்திரியா போயிருக்கிறது. அந்தத் துறைமுகங்களில் ஒன்றான குஸைரில் கிடைத்த பானை ஓட்டில் தமிழ் பிராமி எழுத்தில் ‘பானை ஒறி’ என்று இருக்கிறது. ஏறக்குறைய 2000 வருஷப் பழசு. உங்கள் பாட்டி வீட்டில் தயிர்ப்பானை தொங்குமே, அந்த உறிதானடி அது! இவர் போகும் முன்பே இதைப் படித்து வைத்திருந்தார். கைடிடம் சொன்னதும் அவர் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இரண்டாம் நாள் மத்தியானம்தான் கப்பல் நிஜமாகவே கிளம்பியது. எஸ்னா என்ற ஊரில் ஆற்றின் குறுக்கே அணை. அந்தப் பக்கம் நீர்மட்டம் உயரம். அதனால் கப்பலை நீளமான ஒரு தொட்டிக்குள் விட்டு, பின்கதவை மூடி, தண்ணீரை நிரப்பி, மேலே தூக்கி, முன்கதவைத் திறந்து அனுப்புகிறார்கள். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் பாசி பிடித்த சுவர் மெல்ல மெல்லக் கீழே போகும். பார்க்க அப்படி ஒரு சுகம்.

ஆனால் முறை வரும்வரை காத்திருக்க வேண்டுமே, அங்கேதான் வேடிக்கை. சின்னத் துடுப்புப் படகுகள் வந்து கப்பலோடு ஒட்டிக்கொள்ளும். படகில் நின்றபடியே “ஹலோ! இந்தியா! அமிதாப் பச்சன்!” என்று கூப்பிட்டு, பிளாஸ்டிக் பையில் சுருட்டிய துணியை நேராக மொட்டைமாடிக்கு வீசுகிறார்கள். நாலு மாடி உயரம், குறி தப்புவதே இல்லை. வேண்டுமென்றால் பணத்தை அதே பையில் போட்டுக் கீழே எறிய வேண்டும், வேண்டாமென்றால் துணியையே எறிய வேண்டும். இவருக்குப் பேரம் என்றால் கேட்க வேண்டுமா! கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு ஐந்நூறு எகிப்து பவுண்டில் ஆரம்பித்ததை இருநூறுக்குக் கொண்டுவந்தார். எறிந்த பை ஆற்றில் விழுந்தது. படகுக்காரப் பையன் துடுப்பால் அதை வாரி எடுத்து, நோட்டை உதறித் தொடையில் ஒட்டிக் காயவைத்தான். ராஜா மாதிரி அங்கி வாங்கிவிட்டதாக இவருக்கு ஒரே பெருமை. அறைக்கு வந்து பிரித்தால் துட்டன்காமன் முகம் போட்ட மேஜை விரிப்பு. எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜையே கிடையாது என்பது உனக்குத் தெரியும். இப்போது அது தையல் மெஷின்மேல் கிடக்கிறது.

உன்னிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதுதான். தினமும் விடியுமுன்னே எழுப்பிக் கோயிலுக்கு ஓட்டுவார்கள். திரும்பி வந்து சாப்பிட்டதும் கண் சொக்கும், கப்பலே படுத்துத் தூங்கும். கப்பல் ஓடுகிற அந்தக் கொஞ்ச நேரம் பார்த்து நீயும் தூங்கிவிடாதே. நாலு மணிக்கு மேலே போய் உட்கார். வாழை, கரும்பு, ஈச்சமரம், கழுதைமேல் புல்லுக்கட்டு, கரையில் பாத்திரம் தேய்க்கிற பெண்கள். எல்லாம் நம் ஊர்தானே என்று நினைக்கும்போதே அந்தப் பச்சைக்குப் பின்னால் சட்டென்று மணல்மேடு எழும்பும். இடையில் புதர்கூட இல்லை, வயல் முடிகிற வரப்பிலேயே பாலை ஆரம்பம். ஆறு தொட்ட இடம் மட்டும் ஊர். அந்தி சாயும்போது இரண்டு கரைப் பள்ளிவாசல்களிலும் பாங்கு ஒலிக்கும், ஒன்றுக்கொன்று ஒரு மூச்சு முன்பின்னாக. மேலே நாங்கள் இருவரும் தேநீர் கொண்டுவந்த பையனும்தான் இருந்தோம்.

எட்ஃபு என்ற ஊரில் கப்பல் துறையிலிருந்து கோயிலுக்குக் குதிரை வண்டி. பல குதிரைகளுக்கு விலா எலும்பை எண்ணலாம். எனக்கு ஏற மனசு வரவில்லை, நம்ம ஊர் பஜாஜ் ஆட்டோ ஓடுகிறது, அதில் போனோம். கோயில் கட்டி முடிக்க கி.மு. 237 முதல் 57 வரை 180 வருஷம் ஆயிற்றாம். ரங்கநாதருக்கு ராஜகோபுரம் 1987-இல்தானே முடிந்தது, நாம் எதைச் சொல்வது!

முதலை இருக்குமா என்று கேட்டிருந்தாய். பயப்படாதே, அஸ்வானில் பெரிய அணை வந்தபிறகு அவையெல்லாம் அணைக்கு அந்தப் பக்கம் நாசர் ஏரியோடு சரி. கப்பல் போகிற பக்கம் கோம் ஓம்போ கோயிலில்தான் பார்க்கலாம், பதப்படுத்தி வரிசையாகப் படுக்கவைத்திருக்கிறார்கள். முதலைமுகச் சாமி சோபெக்குக்கு நேர்ந்துவிட்டவை. அதே கோயிலில் படி இறங்கும் வட்டக் கிணறு ஒன்று உண்டு. வெள்ளம் எந்தப் படிவரை ஏறியது என்று பார்த்துத்தான் அந்த வருஷத்து வரியைப் போடுவார்களாம். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா மகள் ஆயிற்றே, எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அந்தக் கிணறுதான் பிடித்தது. 1970-இல் அணை முடிந்தபிறகு அந்தப் பெருக்கு வருவதே இல்லை. மேட்டூரில் திறந்துவிட்டால்தான் நமக்கு ஆடிப்பெருக்கு, அவர்களுக்கு அதுவும் போயிற்று.

அபு சிம்பெல் கோயிலுக்குத் தனிக் கட்டணம். அஸ்வானிலிருந்து 280 கிலோமீட்டர், விடிகாலை நாலு மணிக்கே பஸ். காலைப் பலகாரத்தை அட்டைப் பெட்டியில் தந்துவிடுகிறார்கள். ஏரியில் மூழ்கவிருந்த மலைக்கோயிலை 1964-லிருந்து 68 வரை துண்டுதுண்டாக அறுத்து, 65 மீட்டர் மேலே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். சேர்த்த இடம் தெரியவில்லை. அண்ணாவுக்கு முட்டி வலி இருந்தாலும் இதை விடாதீர்கள், ஏறி இறங்குவது அதிகம் இல்லை.

சாப்பாடு உனக்குப் பிரச்சினை இல்லை. மொச்சை மாதிரியான ஒரு பயறை உரித்து அரைத்துப் பொரித்த தாமியா, நம் மசால்வடைக்கு ஒன்றுவிட்ட தங்கை. சோறு உண்டு, கெட்டித் தயிர் உண்டு, ஊறுகாய் மட்டும் எடுத்துப் போ. பல் துலக்கக்கூடப் பாட்டில் தண்ணீர்தான். குடிக்க வாங்குவதற்கெல்லாம் தனிக் கணக்கு எழுதி, கடைசி நாள் காலை பில்லை நீட்டுவார்கள், அன்றன்றைக்குக் குறித்து வை. கப்பல் ஊழியர்களுக்கென்று கடைசியில் ஒரு உறை வைக்க வேண்டும். அதுபோக, கோயிலில் தூணைக் காட்டுகிறவர், கழிப்பறையில் காகிதம் தருகிறவர் எல்லோருக்கும் பக்ஷீஷ். சில்லறை நோட்டு கத்தை இல்லாமல் வெளியே காலெடுத்து வைக்காதே. துரத்துகிற கடைக்காரருக்கு “லா, ஷுக்ரன்” (வேண்டாம், நன்றி) என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இரு, நின்றால் போச்சு.

அஸ்வான் கடைவீதியில் தேநீர் மாதிரி போட்டுக் குடிக்கக் காய்ந்த செம்பருத்தியை மூட்டையில் குவித்து வைத்திருப்பார்கள், கர்கடே என்று பேர். நம் புளிச்சகீரைச் செடியின் ஜாதிதான். நான் கால் கிலோ வாங்கி வந்தது பொங்கலோடு தீர்ந்துபோயிற்று. எனக்கு அரைக் கிலோ வாங்கி வா. பணம் கொடுத்தால் நீ வாங்கமாட்டாய், பதிலுக்கு மேஜை விரிப்பைத் தந்துவிடுகிறேன்.

அன்புடன்,
விஜயா