உத்திரமேரூர் சபை மண்டபம்: ஞாயிறு வருகிறவர்கள் கவனத்துக்கு

வணக்கம். காலை 6 மணிக்குத் தாம்பரத்தில் கூடுவோம்.

வைகுண்டப் பெருமாள் கோயில் கற்சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து இரண்டு கல்வெட்டுகளையும் சேர்த்தே படியுங்கள். ஊர்ச் சபைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகள் அவை. 919இல் உறுப்பினர் வயது 30 முதல் 60. 921இல் அதையே 35 முதல் 70 என்று திருத்தினார்கள். இரண்டே வருடத்தில் விதியை மாற்றிய சபை! தேர்வு குலுக்கல் முறையில்: 30 குடும்பு (ஊரின் வார்டுகள்), ஓலையில் பெயர், குடத்திலிருந்து எடுப்பது சிறுவன். கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடவே கூடாது. எனக்கு இதுதான் உயிரான வரி.

எழுத்து தெரிய சாக்பீஸ், மாவு எதுவும் பூசாதீர்கள். பள்ளத்தில் அடைத்துக்கொள்ளும், தேய்த்து எடுத்தால் கல்லும் தேயும். டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், நிழல் விழுந்து எழுத்து எழும்பும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. கல்வெட்டு எழுத்தில் புள்ளி இருக்காது, எகரமா ஏகாரமா என்பதை இடம் பார்த்துத்தான் படிக்கணும்.