முகம் தெரியாத குடும்பத்துக்கும் முகம் தெரிந்த எல்லாருக்கும்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் சீயோன் லுத்தரன் சபையாருக்கும் செந்தூல் அக்கம்பக்கத்தாருக்கும் ஸ்தோத்திரம், வணக்கம்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியபின் உடம்பு தேறி வருகிறது. திங்கள், புதன், வெள்ளி என்று தடவைக்கு நாலு மணி நேரம் ஓடிய ரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) நின்றுவிட்டது. இப்போது காலையும் இரவும் மாத்திரை, அவ்வளவுதான்.

முதல் நன்றி, சிறுநீரகம் தந்த குடும்பத்துக்கு. நீங்கள் யார் என்று மருத்துவமனை சொல்லாது, அதுதான் முறை. உங்கள் வீட்டில் இறந்தது பிள்ளையா, பெற்றவரா, அதுவும் எனக்குத் தெரியாது. மூளைச்சாவு என்று டாக்டர் சொல்லும்போது மூச்சு இயந்திரத்தால் நெஞ்சு இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருக்குமே, அந்த நேரத்தில் எப்படிச் சம்மதித்தீர்கள்? இறந்தவர் உறுப்பு தானத்துக்கு முன்பே பதிந்து வைத்திருந்தாலும் இங்கே குடும்பத்தைக் கேட்காமல் எடுக்க மாட்டார்கள். ஆகவே கொடுத்தது நீங்களும்தான்.

பார்க்க வந்த சிலர், "இயேசு மாதிரி அவரும் உனக்காகவே மரித்தார்" என்றார்கள். அன்பாகச் சொன்னதுதான், ஆனால் எனக்கு ஒப்பவில்லை. சிறுநீரகம் தந்தவர் வாழத்தான் ஆசைப்பட்டிருப்பார். நான் பிழைக்கவே அந்தச் சாவு வந்ததாகப் பேசினால், அவர் வீட்டாரிடம் எந்த முகத்தோடு நிற்பது? யோவான் 10-ல் ஆண்டவர் தம் ஜீவனைப்பற்றி, "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான்" என்கிறார். அவராகவே மனதறிந்து கொடுத்தார். வேறு எந்தச் சாவையும் அதோடு சேர்த்துக் கட்ட எனக்கு மனமில்லை.

சபா, சரவாக் மாநிலங்களைப்போல இங்கே பெரிய வெள்ளிக்குப் பொது விடுமுறை கிடையாது. எனக்கோ வெள்ளி என்றாலே சுத்திகரிப்பு. ஆராதனைக்காக வருஷாவருஷம் என் முறையை மாற்றிக் கொடுத்த மலாய்க்கார மிஸ்ஸிக்கு, அந்த நர்ஸுக்கு, நன்றி. அப்படி வந்த ஒரு வருஷம், ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் "தாகமாயிருக்கிறேன்" என்பதைத் தியானிக்கச் சபைப் போதகர் ஐயர் என்னிடம் கொடுத்தார். தெரிந்தே கொடுத்தாரோ என்னவோ. சுத்திகரிப்பில் இருந்ததால் தண்ணீரை அளந்து குடித்து, ஐஸ் கட்டியால் நாக்கை நனைத்துக்கொண்டு இருந்தவள் நான். தாகம் தொண்டையோடு நிற்காது. தூக்கத்திலும் குழாய்ச் சத்தம் கேட்கும். அந்த வறட்சியில், கீழே நின்றவர்கள் "இறங்கி வா" என்று கேலி செய்தபோதும் ஆண்டவர் இறங்கவில்லை. பலி என்பதை ஆட்டுக்குட்டி, பலிபீடம் என்று ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தேன். எனக்காக ஒருவர் அங்கேயே இருந்தார் என்பது அன்றுதான் உறைத்தது.

அப்புறம், காய்கறியை நறுக்கி ஊறவைத்து, எனக்கு ஆகாத பொட்டாசியம் இறங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்துத் தந்த எதிர்வீட்டு அக்காவுக்கு நன்றி. அவர் தைப்பூசத்துக்கு விரதம் இருப்பவர், எனக்காகவும் வேண்டிக்கொண்டாராம். ஆஸ்பத்திரியில் மாறி மாறிக் காவல் இருந்த மாதர் சங்கத்துக்கும் நன்றி.

காரில் கூட்டிப்போய்க் கூட்டிவந்த தம்பி, இனி உன் வெள்ளிக்கிழமை உனக்கே. ஆனால் அதே சுத்திகரிப்பு சென்டரில் ஓர் ஆன்ட்டி கிராப் வாடகைக் கார் காசுக்குத் திண்டாடுகிறார். முடிந்தால் எனக்கு ஒரு போன் அடி, பேசுவோம்.