மாஸ்கோ தியேட்டரில் உயிர் போனது எங்கே?

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு மயக்கவியல் மேற்படிப்பில் இடம் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். மாஸ்கோ துப்ரோவ்கா தியேட்டரில் என்ன வாயு அடித்தார்கள் என்று கேட்டாளாமே. நல்ல கேள்விதான், ஆனால் பாதிக் கேள்வி.

2002 அக்டோபர் 23 இரவு, நாடகத்தின் இரண்டாம் பாகம் ஓடும்போது மோவ்சார் பராயேவ் தலைமையில் ரஷ்யாவின் செச்சென்யா பகுதியைச் சேர்ந்த சுமார் 40 ஆயுததாரிகள் உள்ளே புகுந்தார்கள். பிணைக்கைதிகள் 800-க்கு மேல். அரங்கின் நடுவில் குண்டு, பெண்களின் இடுப்பில் வெடிபெல்ட். 26-ஆம் தேதி விடியுமுன் ரஷ்யப் படையினர் காற்றோட்டக் குழாய் வழியாக வாயுவைச் செலுத்தினார்கள். வெடிபெல்ட் ஒன்றுகூட வெடிக்கவில்லை. ஆயுததாரிகள் அத்தனை பேரையும் சுட்டுக் கொன்றார்கள். மயங்கிக் கிடந்தவர்களையும் ஏன் சுட்டார்கள் என்பதற்குச் சரியான பதில் இன்றுவரை இல்லை.

அரசுக் கணக்கில் இறந்த பிணைக்கைதிகள் 130. தோட்டாவுக்குப் பலியானவர்கள் ஒரு சிலரே.

அந்த வாயு ஃபென்டனில் என்ற வலுவான வலிநிவாரணியின் வகை என்று ரஷ்ய சுகாதார அமைச்சர் சொன்னது நான்கு நாள் கழித்து. உயிர்தப்பிய இரண்டு பிரிட்டிஷ்காரர்களின் உடையையும் இன்னொருவரின் சிறுநீரையும் சோதித்து, வாயுவில் கார்ஃபென்டனிலும் ரெமிஃபென்டனிலும் இருந்ததாக 2012-இல் ஆய்வு வெளிவந்தது. இரண்டும் ஓபியாய்டுதான், அதாவது அபின் போல வேலை செய்யும் மருந்துகள்: கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், மூச்சு மந்தமாகி நின்றுபோகும். முதல் வேலை தாடையை முன்னுக்குத் தள்ளி மூச்சுப்பாதையைத் திறப்பது, அம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு செலுத்தும் பை) அழுத்துவது. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைப்பது. பிறகு ஓபியாய்டை முறிக்கும் நலாக்சோன், 0.4 மி.கி. ஊசி. ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அதன் வேகம் அடங்கலாம். கார்ஃபென்டனில் அவ்வளவு சீக்கிரம் விடாது. எழுந்தவர் மறுபடி மயங்குவார், மறுபடி போட வேண்டும். ஊசி போடப்பட்டவர் மேல் அடையாளம் வைக்காவிட்டால் யாருக்குப் போட்டோம் என்றே தெரியாது.

அங்கே நடந்தது நேர் எதிர். நுழைவாயிலில் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். நாக்கு பின்னால் விழுந்தது, வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கியது. நகரப் பேருந்து இருக்கைகளில் தலை பின்னால் தொங்க உட்காரவைத்து, மருத்துவர் துணையில்லாமலே அனுப்பினார்கள். என்ன மருந்து என்று ஆம்புலன்ஸ்காரர்களுக்குச் சொல்லவில்லை. ரகசியம் காக்க வேண்டியது படையினரின் தாக்குதல் தொடங்கும்வரைதான். அப்புறமும் ஏன் மூடி மறைத்தார்கள் என்பதுதான் என் ஆத்திரம். நீரிழப்பு, பழைய வியாதி என்றெல்லாம் பிறகு காரணம் அடுக்கினார்கள். மூன்று நாள் அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு அது இருக்கும் என்று முன்பே தெரியாதா?

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2011 டிசம்பரில் தந்த தீர்ப்பு இதைத்தான் பிரித்துப் பார்த்தது: வாயு அடித்த முடிவைத் தவறென்று சொல்லவில்லை, மீட்புத் திட்டமும் விசாரணையும்தான் தவறு என்றது. மீட்பு பற்றிய பகுதியை மட்டுமாவது அவளை முழுசாகப் படிக்கச் சொல். மருந்தியல் புத்தகம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் நண்பன்