கத்துகிற பாட்டுக்குக் கை நீட்டியவர்களுக்கு

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மெசேஜ் போடத் தொடங்கினேன், பதினாலாவது ஆளோடு விரல் ஓய்ந்துவிட்டது. அதனால் எல்லோரும் பார்க்க இங்கேயே ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன்: நன்றி.

போன ஞாயிறு கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் வைத்த இரத்ததான முகாமில் 41 பேர் இரத்தம் கொடுத்தீர்கள். லிங்கின் பார்க் என்ற அமெரிக்க ரொக் பேண்டின் ரசிகர்கள் என்று நாங்கள் மொத்தமே 11 பேர், அதில் இரண்டு பேர் ஊசியைக் கண்டாலே சுவரைப் பிடிப்பவர்கள், மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

"ஏன்டா, இங்கிலீஷ் பேண்டுக்கும் இரத்ததானத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று வாசலில் நின்று கேட்ட மாமா, அன்று அவசரத்தில் உங்களுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

2004இல் எனக்குப் பதினாறு வயது. எங்கள் மேல்மாடியில் இருந்த அண்ணா லிங்கின் பார்க் பாட்டுகள் இருந்த ஒரு எம்பி3 சீடி தந்தார். ஒரு தடவை போட்டேன். "ஆரடா இவன், பல்லுவலியோ, ஏன் இப்பிடிக் கத்துறான்?" என்றார் அப்பம்மா. எனக்கும் அதே சந்தேகம்தான். சீடி அலுமாரிக்குப் பின்னால் போனது. அந்த வருடம் டிசம்பர் 26 கடல் வந்தது. எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் ரயில் பாதை, அதற்கு அங்கால் கடல், எல்லோரும் காலி வீதிக்கு ஓடினோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. முல்லைத்தீவில் பெரியம்மாவின் வீட்டில் அத்திவாரம் மட்டும்தான் மிஞ்சியது.

அப்புறம் 2011. ஜப்பான் சுனாமிக்காக லிங்கின் பார்க் காசு சேர்க்கிறார்கள் என்று ஏதோ வாசித்துக்கொண்டு போனால், அதற்காக அவர்கள் வைத்திருக்கும் மியூசிக் ஃபார் ரிலீஃப் என்ற அமைப்பே 2005இல் எங்கள் சுனாமியை வைத்துத்தான் தொடங்கியது என்று போட்டிருந்தது! கடல் வந்த அதே வருடம்தான் தென்கிழக்காசியாவில் கச்சேரி செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்த பெப்ரவரியிலேயே கலிபோர்னியாவில், அனஹைம் நகரில், வேறு கலைஞர்களையும் கூட்டிக்கொண்டு நிவாரணக் கச்சேரி. 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கம் வந்தபோது பாட்டுகளை இணையத்தில் விட்டு, இறக்கிக் கேட்பவர்களிடம் உதவி கேட்டார்கள். அந்தக் காசு பெரியம்மாவின் வாசலுக்கு வரவில்லை, அது வேறு கதை. ஆனால் நான் அலுமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்ட ஆட்கள் எங்களுக்காக மேடை ஏறியிருக்கிறார்கள் என்றதும் ஒரு மாதிரி வெட்கமாக இருந்தது. அன்றிரவே அலுமாரியை இழுத்தேன்.

தர்மம் செய்கிறார்கள் என்பதற்காகப் பாட்டுப் பிடித்துவிடுமா என்றால், பிடிக்காது. இன்னொரு தடவை கேட்டுப் பார்ப்போம் என்று உட்கார வைக்கும், அவ்வளவுதான். மூன்றாம் தடவை கேட்டபோதுதான் அது பல்லுவலி இல்லை, மனிதன் உள்ளுக்குள் ஏதோ ஒன்றோடு மல்லுக்கட்டுகிறான் என்று விளங்கியது. 2017 ஜூலை 20 அந்தப் பேண்டின் பாடகர் செஸ்டர் பெனிங்டன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார் என்ற செய்தி வந்தபோது நான் 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன், இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.

அதனால்தான் நோட்டீஸின் பின்பக்கம் 1926 என்ற மனநல உதவி இலக்கத்தை அடித்தோம். நாங்கள் மூலையில் சின்னதாகத்தான் போட்டிருந்தோம். "இதைத் தேடிப் பார்க்கிற நிலையில் இருக்கிறவனா தம்பி இதைப் பார்க்கப் போறான்?" என்று பிரிண்டிங் கடை அக்கா தானே அதைப் பக்கம் நிறையப் பெரிதாக்கித் தந்தார். அக்கா, அந்த ஒரு கேள்விக்கு நாங்கள் எல்லோரும் உங்களுக்குக் கடன்.

முதலில் பேசிவைத்த மண்டபம், ரொக் பாட்டு என்று கேள்விப்பட்டதும் இரண்டு நாளுக்கு முன்னால் கையை விரித்தது. பாலர் பாடசாலை டீச்சர் சாவியைத் தூக்கித் தந்தார், குட்டிக் கதிரைகளில் முழங்கால் தாடையில் இடிக்க எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்த காட்சி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. புறக்கோட்டை நானா சவுண்ட் செட்டுக்கு வாடகையே எடுக்கவில்லை, ஓட்டோக் காசு மட்டும். அவருக்கும் பாட்டுப் பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே சொன்னார்!

இரத்த வங்கியிலிருந்து வந்த தாதிமாருக்குத் தனியாக. விரல் நுனியில் குத்தி எடுத்த துளியை நீலத் திரவத்துக்குள் விடுவார்கள், தாழ்ந்தால் சரி, மிதந்தால் இரத்தம் காணாது, வீட்டுக்குப் போ. எனது துளி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் தாழ்ந்தது. முன்பு கொடுத்து 4 மாதம் ஆகாததால் திருப்பி அனுப்பப்பட்ட மூன்று பேரும் கோபிக்காமல் நின்று மைலோ பரிமாறினீர்கள். பெட்டிஸ் செய்து அனுப்பிய அன்ரி, டப்பா என்னிடம் இருக்கிறது, கழுவிவிட்டேன்.

கடைசியாக, மேல்மாடி அண்ணா. நீங்கள் கனடா போய்ப் பதினைந்து வருடத்துக்கு மேல். இதை யாராவது உங்களுக்குக் காட்டினால் ஒரு வரி போடுங்கள். சீடி இன்னும் என்னிடம்தான், ஏழாவது பாட்டு மட்டும் நடுவில் சிக்குகிறது, அதற்கு நான் பொறுப்பில்லை, நீங்கள் தரும்போதே அப்படித்தான் இருந்தது.