நீர்வீழ்ச்சிப் படம் எடுக்கப் போவோர் நண்பகலுக்குள் கரையேறட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பில் வாசகர்கள் அனுப்பும் நீர்வீழ்ச்சிப் படங்கள் மிக அழகாக இருக்கின்றன. ஆனால் படத்துக்குக் கீழே இடத்தின் பெயர் மட்டுமே வருகிறது. அதைப் பார்த்துவிட்டு அடுத்த சனிக்கிழமையே டிரைபாட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்குப் பெயர் மட்டும் போதாது. எத்தனை மணிக்கு எடுத்த படம், வழியில் எத்தனை முறை ஆற்றைக் கடக்க வேண்டும் என்ற இரண்டு விவரங்களையும் தயவுசெய்து சேர்த்துப் போடுங்கள்.

நேர்வெயிலில் நுரை வெள்ளைத் திட்டாகவும் பாறை கருந்திட்டாகவும் பதிந்துவிடும். அதனால் மேகமூட்டத்தில்தான் எடுக்க வேண்டும் என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். கோலாலம்பூர் வட்டாரத்தில் மேகம் திரள்வது பெரும்பாலும் பிற்பகலில். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் அந்த மேகமே மாலை இடிமழையாக இறங்குகிறது. நல்ல வெளிச்சத்துக்காக மூன்று மணிக்கு ஆற்றின் நடுவில் நிற்பவர், கெபாலா ஆயர் எனப்படும் திடீர்க் காட்டாற்று வெள்ளம் வரக்கூடிய நேரத்தில்தான் அங்கே நிற்கிறார்.

நிற்கும் இடத்தில் ஒரு துளி மழை இல்லாவிட்டாலும் அந்த வெள்ளம் வரும். தித்திவாங்சா மலைச்சரிவின் ஓடைகள் நீளம் குறைந்தவை, செங்குத்தானவை. உச்சியில் பெய்த மழை விரைவில் கீழே வந்துவிடும். சில வேளை மேலே மரக்கட்டையும் சருகும் சேர்ந்து அணை போல நீரைத் தேக்கிவைத்து, திடீரென்று உடைத்துக்கொள்ளும். தெளிந்த நீர் தே தாரே (பால் தேநீர்) நிறத்துக்கு மாறினாலோ, மிதந்து வரும் இலையும் சுள்ளியும் கூடினாலோ, இரைச்சல் கனத்தாலோ, நீர்மட்டம் காரணமில்லாமல் ஏறினாலோ இறங்கினாலோ பையைக்கூட எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். கேமராவின் ஃபைண்டரில் பார்த்துக்கொண்டிருப்பவர் கண்ணுக்கு இவை படாது. வந்தவுடன் நீர் விளிம்பில் ஒரு கல்லை அடையாளமாக வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அதைப் பாருங்கள். கூட வந்தவர்களில் ஒருவர் படம் எடுக்காமல் மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டிருப்பது அதைவிட நல்லது.

இதற்கெல்லாம் வழி, காலையில் போவதுதான். இங்கே விடிவது ஏறக்குறைய 7.15 மணிக்கு. அப்போதே நடக்கத் தொடங்கினால், பள்ளத்தாக்குக்குள் வெயில் இறங்கும் முன் மேகமே இல்லாமல் சீரான நிழல் வெளிச்சம் கிடைக்கும். அந்த நிழலில் ஒளியுணர்வு ஐ.எஸ்.ஓ 100, லென்ஸ் திறப்பு எஃப் 8, லென்ஸின் முன்னால் போலரைசர் ஃபில்டர் என்று வைத்தால் ஷட்டர் அரை நொடியை ஒட்டி வந்துவிடும். வெளிச்சத்தைக் குறைக்கும், விலை உயர்ந்த என்.டி ஃபில்டரே தேவையில்லை. போலரைசரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், ஈர இலையிலும் பாறையிலும் இருக்கும் பளபளப்பு அடங்கிப் பச்சை வெளிவருவது தெரியும். நீர் நிறைய விழுந்தால் கால் நொடிக்கும் குறைவாக வையுங்கள், இழைகள் தெரியும். மெல்லிய நீருக்கு ஒன்று இரண்டு நொடி தாங்கும். கேமரா காட்டும் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராமில் வெள்ளை வலது ஓரத்தில் முட்டினால் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். வெளுத்துப்போன நுரையை வீட்டில் மீட்க முடியாது. நிழலில் நீலம் ஏறும், ஆகவே பிறகு நிறத்தைத் திருத்த வசதியான ரா கோப்பாக எடுங்கள். டிரைபாட்டில் வைத்ததும் லென்ஸின் நடுக்கம் குறைக்கும் ஸ்டெபிலைசரை அணைத்து, 2 நொடி டைமர் வையுங்கள். ஓடும் நீரில் டிரைபாட்டின் கால்களை ஊன்ற வேண்டியிருந்தால் மெல்லிய கடைசிப் பகுதியை நீட்டாதீர்கள். அது அதிர்ந்துகொண்டே இருக்கும்.

ஏர்கான் காரிலிருந்து இறங்கியவுடன் பையைத் திறந்தால் லென்ஸில் ஆவி படியும். மூடிய பையிலேயே அரைமணி நேரம் வெளிச்சூட்டுக்கு வரவிடுங்கள். வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் துடைத்து உலர் பெட்டியில் வைக்காவிட்டால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும்.

ஆற்றைக் கடப்பது பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். கோல குபு பாரு பக்கத்துச் சிலிங் போன்ற இடங்களில் பலமுறை கடக்க வேண்டும். போகும்போது கணுக்கால் அளவு இருந்த நீர் திரும்பும்போது இடுப்பளவு இருக்கலாம். பெரும்பாலும் குறுகலான இடம் ஆழமானது, அகன்ற இடம் ஆழம் குறைந்தது. அகன்ற இடத்தையே தேர்ந்தெடுங்கள். பையின் இடுப்பு வாரைக் கழற்றிவிட்டு, நீர் வரும் திசையைப் பார்த்தபடி, கையில் கோலுடன் பக்கவாட்டில் நகருங்கள். முழங்காலுக்கு மேல் நீர் வேகமாக ஓடினால் கடக்காதீர்கள். வடியும் வரை காத்திருங்கள். நீர்வீழ்ச்சியின் தலைப்பக்கத்தில் ஒருபோதும் கடக்காதீர்கள். சுங்கை பீசாங் போகும் வழியில் காராக் நெடுஞ்சாலைக்கு அடியில், ஆறு ஓடும் சுரங்கத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். வெள்ளம் வந்தால் உள்ளே ஏறி நிற்க இடமில்லை. அங்கே மழை அறிகுறி இருந்தால் நுழையவே கூடாது. ரவாங் பக்கத்துக் காஞ்சிங் ஏழு அடுக்கு நீர்வீழ்ச்சியில் மேலடுக்குகள் செங்குத்தானவை, பாசி வழுக்கும். சேற்றுப் பாதையில், தடித்த அடியுள்ள சப்பாத்தைவிட, முள்ளடி கொண்ட கம்போங் ரப்பர் சப்பாத்து நன்றாகப் பிடிக்கும்.

புறப்படும் முன் மலேசிய வானிலைத் துறையின் மைகுவாச்சா செயலியில் நீங்கள் போகும் ஊருக்கு மட்டுமல்ல, மலைப் பக்கத்துக்கும் வானிலையைப் பாருங்கள். அனுமதி வேண்டுமா, இடம் திறந்திருக்கிறதா என்று வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காட்டுக்குள் கைப்பேசி எடுக்காது. எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், அதற்குள் வராவிட்டால் எப்போது அவசர எண் 999க்கு அழைக்க வேண்டும் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

திரும்பிய இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், காட்டாற்றில் இறங்கியதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் தொடக்கத்தில் டெங்கியைப் போலவே இருக்கும். நீங்கள் சொல்லாவிட்டால் அதற்கான பரிசோதனை தாமதமாகிவிடும்.

இப்படிக்கு,
வாசகர், செந்தூல், கோலாலம்பூர்