பயிற்சி பெற்ற ஒரு பொறுப்பாளரைப் போடுங்கள்: கொணவட்டம் தெருவாசிகளின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தெருவாசிகள்,
கொணவட்டம், வேலூர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பொருள்: அரசுத் திட்டப் பணிகளை நடத்தும் பொறுப்பாளர்களுக்குத் திட்ட மேலாண்மைப் பயிற்சியும் சான்றிதழும் கட்டாயமாக்கும்படி அரசுக்குப் பரிந்துரைக்கவும், எங்கள் தெருக் கால்வாய்ப் பணிக்கு அப்படி ஒருவரை உடனே நியமிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே தெரு குறித்து சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் நாங்கள் முன்பு கொடுத்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். சதுப்பேரி நிரம்பினால் தண்ணீர் எந்த வழியாக வரும், கொணவட்டத்தில் எந்தத் தெரு முதலில் மூழ்கும், நிக்கல்சன் கால்வாய் எங்கெங்கே அடைத்துக்கொள்ளும் என்பதெல்லாம் தாங்கள் அறிந்ததே. 2021 நவம்பரில் கொணவட்டம், முள்ளிப்பாளையம், கன்சால்பேட்டை பக்கம் தண்ணீரில் நின்றதற்கான கோப்புகள் தங்கள் அலுவலகத்திலேயே இருக்கும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் சிமென்ட் கால்வாய் கட்டினார்கள். கால்வாய் வேண்டும் என்று கேட்டதே நாங்கள்தான். முன்பு மழை பெய்தால் தண்ணீர் தெருவில் நிற்கும். கால்வாய் கட்டிய பிறகு அடுப்படியில் நிற்கிறது. மனு கொடுத்தோம். நடவடிக்கையில் உள்ளது என்று செல்போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. அப்புறம் தீர்வு காணப்பட்டது என்று இன்னொன்று வந்தது. என்ன தீர்வு என்று நேரில் போய்க் கேட்டால், அதைப் பார்த்த அதிகாரி மாறிப்போய்விட்டார் என்றார்கள். அலுவலகத்தின் பெயரையோ அதிகாரிகளின் பெயரையோ இங்கே எழுதவில்லை. யாரையும் மாட்டிவிடுவது எங்கள் நோக்கம் இல்லை. ஒரு பணியைத் தொடக்கம் முதல் முடிவு வரை நடத்துவது எப்படி என்று இவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, கற்றிருக்கிறார்களா என்று யாரும் கேட்கவும் இல்லை என்பதுதான் எங்கள் புகார்.

1. கால்வாய் தொடங்கியபோது ஒருவர் பொறுப்பில் இருந்தார். பாதியில் அவருக்கு இடமாறுதல். அடுத்து வந்தவர் பழைய ஃபைலைப் பிரிப்பதற்குள் ரோடு போடும் டெண்டர் வந்துவிட்டது. அவருக்குப் பின் வந்தவர்தான், கால்வாயின் கடைசித் துண்டு எஸ்டிமேட்டிலேயே இல்லை என்று கண்டுபிடித்தார். குறுக்கே போகும் ரோட்டுக்கு அடியில் ஒரு சிறு பாலம் போட்டு நிக்கல்சன் கால்வாயில் சேர்க்க வேண்டிய துண்டு அது. ரோடு வேறு துறையுடையதாம். அனுமதி கேட்டுக் கடிதம் போட்டிருப்பதாகச் சொன்னார். அவரும் மாறிவிட்டார். கடிதம் போனதா என்று சொல்ல இப்போது ஆள் இல்லை.

2. இதனால் கால்வாய் ஒரு சிமென்ட் சுவரில் முட்டி நிற்கிறது. சேர்கிற இடமே இல்லாத கால்வாய். லெவலும் எடுக்கவில்லை. தெரு நடுவில் தரை பள்ளமாகவும் கடைசியில் மேடாகவும் இருக்கிறது. போதாததற்கு, பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புது ரோட்டைப் போட்டார்கள். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும், வீடுகளைவிட ரோடு உயர்ந்துவிடக் கூடாது என்று 2021-ல் தலைமைச் செயலாளரே எழுத்தில் உத்தரவு போட்டிருக்கிறார். இப்போது ரோடு மேலே, கால்வாய்ச் சுவர் அதற்கும் மேலே, எங்கள் வாசற்படி கீழே. வேலை முடிந்த அன்று கால்வாயில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருந்தால் போதும், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்திருக்கும். ஊற்றவில்லை. எம்-புக் எனும் அளவுப் பதிவேட்டில் அளவு ஏறியது, பில் போனது.

3. இனி எழுதுவதைத் தயவுசெய்து முழுதாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம், இதற்காகத்தான் இந்த மனுவே. எங்கள் தெருவில் பல வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். கடையில் இலை, தூள், நூல் வாங்கிவந்து, சுற்றிக் கட்டி, திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இலையை நனைத்துத்தான் வெட்டுவார்கள், அது வேறு. தூள் நனைந்தால் போச்சு. சாக்கடைத் தண்ணீர் பட்ட இலையும் போச்சு, வாசனை காட்டிக்கொடுத்துவிடும். கடையில் அதைத் தனியே தள்ளி வைத்துவிட்டு, கொடுத்த தூளின் கணக்கைக் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் மேலே ஒருவர் கணக்குக் கேட்பார்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். பேரன், பேத்தியோடு ஒற்றை அறை வீடு. மேகம் கறுத்தால் முதலில் தூள் டப்பாவைத் தூக்கிப் பரணில் வைக்கிறார். அடுத்து அரிசி மூட்டை கட்டிலுக்கு ஏறும். பிள்ளைகளின் புத்தகப்பை ஆணியில். பீரோவின் நாலு காலுக்கும் கீழே செங்கல் நிரந்தரமாகவே இருக்கிறது. ராத்திரியில் மழை வந்தால் கட்டிலில் அரிசியும் இரண்டு பிள்ளைகளும். பாட்டி வாசலில் உட்கார்ந்து சாப்பாட்டுத் தட்டால் தண்ணீரை வாரி வெளியே ஊற்றிக்கொண்டிருப்பார். வெளியே எங்கே? அதே கால்வாயில்தான். அது நிரம்பித் திரும்ப உள்ளே வரும். விடிந்ததும் தரையில் கறுப்பாகச் சேறு, அதைத் தள்ளி, பினாயில் ஊற்றிக் கழுவி, தரை காயும்வரை முறத்தை மடியில் வைத்துச் சுற்ற முடியாது. அன்றைக்குக் கூலி இல்லை. கூலி இல்லாத நாளில் அடுப்பு எப்படி எரியும் என்று தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இதை நேரில் பார்த்த ஒரு அதிகாரி, வாசலில் ஒரு வரிசை செங்கல் கட்டிக்கொள்ளுங்களேன் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். அரசாங்கப் பணத்தில் கட்டிய கால்வாயிலிருந்து தப்பிக்க ஜனங்கள் சொந்தக் காசில் சுவர் கட்ட வேண்டுமாம். இதுதான் யோசனை.

4. இந்த மனுவை எழுதுகிற நான் தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். அங்கே பாய்லர் ஓட்ட, தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கிய அட்டெண்டண்ட் வேண்டும். 1923-ஆம் ஆண்டு பாய்லர் சட்டத்தின் கீழ் வந்த விதி அது. முதலாளியின் மகனாக இருந்தாலும் சான்றிதழ் இல்லாமல் பாய்லரைத் தொடக் கூடாது. அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர்கூட பவானிசாகர் போய் அடிப்படைப் பயிற்சி முடித்துவந்தால்தான் தகுதிகாண் பருவம் முடிகிறது. பொறியாளர்களும் துறைத்தேர்வில் கணக்குத் தாள் எழுதித் தேறுகிறார்கள். சரி, கணக்குத் தெரியும், டெண்டர் தெரியும், பில் தெரியும். எந்த வேலை முன்னே, எந்த வேலை பின்னே? எந்தத் துறையிடம் எப்போது அனுமதி வாங்குவது? பாதியில் மாறிப்போனால் அடுத்தவரிடம் எதையெல்லாம் எழுதி ஒப்படைப்பது? இந்தத் தாளை எந்தத் தேர்வில் வைத்திருக்கிறார்கள்? லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் செலவாகும் பணிக்குப் பொறுப்பேற்க பாய்லர்காரருக்கு இருக்கிற அளவு நிபந்தனைகூட இல்லை.

5. இது நடக்காத காரியம் ஒன்றும் இல்லை. அமெரிக்க மத்திய அரசு 2007-லேயே கொள்முதல் சார்ந்த திட்ட மேலாளர்களுக்கென்று தனிச் சான்றிதழ் முறை கொண்டுவந்தது. மூன்று படிகள். தொடக்கப் படிக்கு ஒரு வருடம், நடுப்படிக்கு இரண்டு, மேல்படிக்கு நான்கு வருடம் என்று திட்டங்களை நடத்திய அனுபவம் கேட்கிறார்கள். பெரிய திட்டங்களை மேல்படிக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும். ஒருமுறை வாங்கி ஃபிரேம் போட்டு மாட்டினால் ஆயிற்று என்றும் இல்லை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 80 புள்ளி அளவுக்குத் தொடர்கல்வி காட்டினால்தான் சான்றிதழ் செல்லும். என்ன தேவை என்று முதலில் தெளிவாக எழுதுவது, ஒப்பந்தம், செலவு, முடிந்ததைச் சோதித்துப் பார்ப்பது, பிறகு பராமரிப்பது, ஆட்களை நடத்துவது என்று பாடங்கள். தேவையை முதலில் எழுதுவது என்ற ஒரு பாடம் படித்திருந்தால் எங்கள் கால்வாயின் கடைசித் துண்டு விட்டுப்போயிருக்காது. அதோடு நிற்காமல், 2016 டிசம்பரில் இதற்கென்று ஒரு சட்டமே போட்டு, அரசுத் திட்ட மேலாளர்களுக்கு என்னென்ன திறமை வேண்டும் என்று வரையறுக்கச் சொன்னார்கள்.

அமெரிக்கா தூரம் என்றால் டெல்லியையே எடுத்துக்கொள்ளலாம். 2020 அக்டோபரில் நிதி ஆயோக்கும் இந்தியத் தரக் குழுமமும் சேர்ந்து, திட்ட மேலாண்மைக்கு ஒரு தேசியக் கொள்கைக் கட்டமைப்பை வெளியிட்டன. அதே வருடம் செப்டம்பரில் மத்திய அமைச்சரவை கர்மயோகி இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அரசு ஊழியர்கள் இணையத்திலேயே பாடம் படிக்க ஐகாட் தளம் அதன் கீழ்தான் வந்தது. ஆக, பாடம் இருக்கிறது, தளம் இருக்கிறது. படித்தவரைத்தான் வேலையில் போட வேண்டும் என்ற நிபந்தனைதான் எங்கள் தெருவரை வந்து சேரவில்லை.

6. நம் வேலூர் 2016-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்த ஊர். 2022-ல் இதே ஊரில், நிறுத்தியிருந்த பைக்கின் சக்கரத்தோடு சேர்த்து சிமென்ட் ரோடு போட்டார்கள். நாடே பார்த்துச் சிரித்தது. அன்றைக்குக் காண்ட்ராக்டரைத் திட்டினோம். ஆனால் கான்கிரீட் கொட்டுவதற்கு முன் தெருவைக் காலி செய்யச் சொல்ல வேண்டியவர் யார், கொட்டும்போது பக்கத்தில் நிற்க வேண்டியவர் யார் என்று கேட்டோமா?

7. ஒரு சந்தேகம் வரலாம், சான்றிதழ் வாங்கினவர்கள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்துவிடுவார்களா என்று. மாட்டார்கள்தான். காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்குகிறவர்களும் இருப்பார்கள். ஆனாலும் என்ன செய்ய வேண்டும் என்பது எழுத்தில் இருந்தால், ஏன் செய்யவில்லை என்று நாங்கள் கேட்கலாம். இப்போது கேட்டால், அது என் பீரியடில் இல்லை என்கிறார்கள். யாருடைய பீரியடில்தான் அம்மா இது? தண்ணீர் வருவது எங்கள் பீரியடில். மரியாதைக் குறைவாக எண்ண வேண்டாம், சாக்கடையைத் தட்டால் வாரி ஊற்றுகிற வீட்டுக்காரர்கள் சொல்லச் சொல்ல எழுதுவதால் இப்படித்தான் வருகிறது.

8. தங்களை நாங்கள் வேண்டுவது:

முதலில், எங்கள் தெருப் பணிக்கு ஒரே ஒரு பொறுப்பாளர். அவர் பெயர், பதவி, செல் நம்பர், பணி முடியும் தேதி தெரு முனையில் பலகையில் இருக்க வேண்டும். கடைசித் துண்டு நிக்கல்சன் கால்வாயில் சேர்ந்து, எங்கள் கண் முன்னால் தண்ணீர் விட்டுக் காட்டும்வரை அவரை மாற்றக் கூடாது. மாற்றியே ஆக வேண்டுமென்றால், முடிந்தது எது, மீதி எது, யாரிடம் என்ன அனுமதி பாக்கி என்று எழுதி ஒப்படைத்த பிறகே விடுவிக்க வேண்டும்.

மாவட்டத்தில் இப்போது திட்டப் பணிகளைப் பார்க்கும் பொறியாளர்களுக்குத் தங்கள் அளவிலேயே ஒரு பயிற்சி நடத்தலாம். அதற்குச் சென்னைக்குப் போக வேண்டியதுகூட இல்லை, பொறியியல் கல்லூரிகளுக்கு இந்த ஊரில் பஞ்சமா? வகுப்பறையோடு விடாமல் ஒருநாள் எங்கள் தெருவுக்கும் அழைத்து வாருங்கள். எதையெல்லாம் செய்யக் கூடாது என்று காட்ட எங்களிடம் எல்லாம் தயாராக இருக்கிறது.

சான்றிதழைக் கட்டாயமாக்குவது தங்கள் ஒருவர் கையெழுத்தில் ஆகிற காரியம் இல்லை என்று தெரியும். அரசுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுவது தங்கள் கையில் இருக்கிறது. பணியின் மதிப்புக்கு ஏற்றபடி படிநிலை, அனுபவம் பார்த்துச் சான்றிதழ், சில வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பித்தல், பணி கெட்டால் அதற்கான பதில். இதைச் சேர்த்து எழுதுங்கள். பாட்டியின் வீட்டையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம், பயிற்சி பெற்ற ஒரு பொறுப்பாளரைப் போடுங்கள். இந்த மனுவையும் அதே அலுவலகத்துக்கே அனுப்பி, அவர்களிடமே பதில் வாங்கி எங்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். மற்றதெல்லாம் அரசாணை வரும்போது வரட்டும், அந்தக் கடைசித் துண்டை மட்டும் மழைக்கு முன் முடித்துக் கொடுங்கள். தாங்கள் வந்து பார்ப்பதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லாமலே வாருங்கள். சொல்லிவிட்டு வந்தால் அன்று காலையில் பிளீச்சிங் பவுடர் போட்டுவிடுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கொணவட்டம் தெருவாசிகள்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் பின்பக்கம்)

இடம்: வேலூர்