உன் ஆய்வகத்து வாயு, என் கிணற்று வாயு

ரெட் டியர், ஆல்பர்ட்டா, கனடா

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அத்தானின் மாற்றல் உத்தரவு என்ன ஆயிற்று என்று எழுது.

வீடியோவில் என்னைப் பார்த்ததும் "தாடியை ஏன்டா எடுத்தே?" என்று கேட்டாய். வேலையில் விஷ வாயு மூச்சில் போகாமல் போடும் மாஸ்க்குக்காகத்தான். தாடி இருந்தால் மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு முகத்தோடு ஒட்டாது. மயிர் இடுக்கு வழியாக வாயு உள்ளே வந்துவிடும். மீசைக்கு அனுமதி உண்டு, அதுவும் விளிம்புக்குள் அடங்கினால்தான். தினமும் காலையில் சவரம் செய்யாமல், நான் வேலை பார்க்கும் இயற்கை வாயுக் கிணற்றுப் பக்கம் போக முடியாது.

அம்மாவிடம் 'கேஸ் கம்பெனி' என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் சிலிண்டர் ஏஜென்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், அப்படியே இருக்கட்டும். நீ கெமிஸ்ட்ரி டீச்சர், உன்னிடம் விவரமாகச் சொல்லலாம்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்காக கிப்ஸ் அப்பாரட்டஸில் இரும்பு சல்பைடு மேல் ஆசிட் விட்டு ஒரு வாயு எடுப்பீர்களே, அதே ஹைட்ரஜன் சல்பைடுதான் இங்கே பூமிக்கடியில் இயற்கை வாயுவோடு கலந்து கிடக்கிறது. 'சவர் கேஸ்' என்பார்கள். ராக்கி மலைகளின் அடிவாரத்தில், 3,000 மீட்டருக்கும் கீழே, பழைய கடலின் சுண்ணாம்புப் பாறைக்குள் இருக்கிறது. 1986-இல் கண்டுபிடித்த கரோலைன் என்ற வாயு வயலில் அது ஏறக்குறைய 35 சதவீதம். பக்கத்திலுள்ள பேர்பெரியில் 90 சதவீதத்தைத் தொடும்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஓடிவிடலாமே என்று நீ நினைப்பாய். 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கூடத் தேவையில்லை, மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் 100 பிபிஎம் வந்தால் சில நிமிடங்களில் மூக்கு செத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நிம்மதியாக மூச்சு விடுகிறவன்தான் ஆபத்தில் இருக்கிறான். 1,000 பிபிஎம்மில் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவான். அதனால் எங்களுக்கு மூக்கு இல்லாத மாதிரிதான். சட்டையில் மாட்டியிருக்கும் மானிட்டரைத்தான் நம்புவோம். அது 10 பிபிஎம்மில் கத்தும். வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். அதனால் காற்று வரும் திசையை நோக்கி மேட்டுக்கு ஓட வேண்டும். இங்கே எல்லோரும் படித்தாக வேண்டிய பயிற்சியில் மனதுக்கு மிகவும் கஷ்டமான பாடம், விழுந்து கிடக்கும் நண்பனிடம் உடனே ஓடாதே என்பது. மாஸ்க் இல்லாமல் தூக்கப் போனவன் அவனுக்குப் பக்கத்திலேயே விழுவான்.

1982-இல் லாட்ஜ்போல் என்ற இடத்துக்கு அருகே ஒரு கிணறு வெடித்துக் கிளம்பி 67 நாள் அடங்கவில்லை. அடக்க வந்த இருவர் இறந்தார்கள். 2003-இல் சீனாவின் சோங்சிங் பக்கம் இப்படி ஒரு கிணற்றில் 243 பேர் போனார்கள், பெரும்பாலும் சுற்றுப்புறக் கிராமத்து மக்கள். இன்று இங்கே உள்ள கெடுபிடிகளில் பாதி லாட்ஜ்போல் விசாரணைக்குப் பிறகு வந்தவை. சிலர் சலித்துக்கொள்வார்கள், எனக்கு அதில் வருத்தமே இல்லை.

துளைக்கிறவர்கள் கேசிங் என்ற வெளிக்குழாயை இறக்கி, சிமெண்ட் போட்டுவிட்டுப் போன பிறகு எங்கள் வேலை ஆரம்பம். அதற்குள்ளே டியூபிங் என்ற சிறிய குழாயை இறக்கி, இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அடியில் பேக்கர் என்ற அடைப்பால் அடைத்து, வாயு அந்தக் குழாய் வழியாக மட்டுமே மேலே வரும்படி செய்ய வேண்டும். உறுதியான இரும்பாகப் பார்த்துப் போடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். சல்பைடு இரும்பை அரிக்கும்போது ஹைட்ரஜன் அணு அணுவாக உலோகத்துக்குள் புகுந்துவிடும். இரும்பு எவ்வளவு கடினமோ அவ்வளவு எளிதாக, முன்னறிவிப்பே இல்லாமல் விரிசல் விடும். அதனால் சாதாரண எஃகுக்கு, உலோகத்தின் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 22-ஐத் தாண்டக்கூடாது என்று விதி. இதில் எனக்குப் பிடித்த விஷயம், இந்த விரிசலுக்கு வெப்பம் ஆகாது. கொதிக்கிற அடி ஆழத்தில் கடினமான குழாய் தாங்கிவிடும். குளிர்ந்த மேல்பகுதியில்தான் உடையும். நான் தலைகீழாக நினைத்திருந்தேன். மிக மோசமான கிணறுகளுக்கு நிக்கல் கலவைக் குழாய்தான், விலையைச் சொன்னால் அத்தான் நம்பமாட்டார்.

அப்புறம் பெர்ஃபொரேட்டிங் கன் இறக்கி, கேசிங்கையும் சிமெண்டையும் வெடித்துத் துளையிடுவோம். பாறை இறுகியிருந்தால் ஹைட்ரோகுளோரிக் ஆசிட், 15 அல்லது 28 சதவீதம். சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கரையான் போல வழி தோண்டிப் போகும். ஆனால் பாறை 100 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் வாசலிலேயே எல்லா ஆசிட்டும் தீர்ந்துவிடும். அதனால் டீசலில் குழம்பாக்கியோ ஜெல்லாக்கியோ, வேகத்தைக் குறைத்து அனுப்புவோம். சில சமயம் பாறையே பிளக்கும் அழுத்தத்தில் தள்ளுவோம். பிளவின் இரண்டு சுவர்களையும் ஆசிட் மேடும் பள்ளமுமாக அரித்துவிடுவதால் திரும்ப மூடினாலும் வழி இருக்கும்.

இப்போது உன் கிப்ஸ் அப்பாரட்டஸுக்கு வா. குழாயின் உள்சுவரில் இரும்பு சல்பைடு படிந்திருக்கும். அதன் மேல் ஆசிட் பட்டால்? நீ கரும்பலகையில் எழுதுகிற அதே சமன்பாடு, டன் கணக்கான ஆசிட்டில். வாயு கிளம்பும், இரும்பு கரையும். ஆசிட் வலுவிழந்ததும் அந்த இரும்பு மறுபடி சல்பைடாகப் படிந்து, நாம் திறந்த துளையையே அடைக்கும். துருவிலிருந்து வரும் ஃபெர்ரிக் இரும்பு இன்னும் மோசம், ஹைட்ரஜன் சல்பைடைத் தனிக் கந்தகமாகவே மாற்றிவிடும். அதனால் முதலில் கொஞ்சம் ஆசிட்டால் குழாயை மட்டும் கழுவி வெளியே எடுப்போம். பிறகு பெரிய ஆசிட்டில் இரும்பைப் பிடித்துவைக்கும் மருந்தும், குழாயைச் சில மணி நேரம் காக்கும் மருந்தும் கலப்போம். என் பார்வையில் பம்ப் போடுவது சுலபம். முந்தின நாள் லேபில் குழாய்த்துண்டையும் ஆசிட்டையும் சேர்த்துச் சூடாக்கிப் பார்ப்பதுதான் உண்மையான வேலை.

உன் வகுப்புக்கு ஒரு விஷயம்: கிணற்றில் ஆசிட் விடும் முறைக்கு 1896-இல் காப்புரிமை வாங்கியவர் ஹெர்மன் ஃப்ராஷ். கந்தகத்தை வெந்நீரால் உருக்கி எடுக்கும் ஃப்ராஷ் முறை பாடத்தில் வருமே, அதே ஆள்தான்.

கிணறு ஓட ஆரம்பித்தாலும் விடாது. அழுத்தமும் வெப்பமும் குறையக் குறைய கந்தகம் பிரிந்து குழாயில் படியும். ஈரம் இருந்தால், வெயில்நாள் வெப்பத்தில்கூட தண்ணீரும் வாயுவும் சேர்ந்து ஐஸ் போல ஹைட்ரேட்டாக உறையும். அதற்கு மெத்தனால் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வாயுவிலிருந்து பிரித்த கந்தகம் ரயிலில் வான்கூவர் துறைமுகம் போகிறது. அங்கே மஞ்சள் மலையாகக் குவித்திருப்பதைத் துறைமுகத்தின் எதிர்க்கரையிலிருந்தே பார்க்கலாம். பெரும்பகுதி உரத்துக்குத்தான் போகிறது.

குளிர் மைனஸ் 30 வரை போகும், கேம்ப்பில் ஹீட்டர் உண்டு. தரை உறைந்திருக்கும்வரைதான் சதுப்பு நிலத்தில் கனரக லாரிகள் போகும். வசந்தத்தில் பனி உருகினால் சாலைகளில் பாரத்துக்குத் தடை போட்டுவிடுவார்கள், எங்களுக்கும் வேலை நின்றுவிடும். அப்போது எனக்கு நேரம் இருக்கும். உன் பிள்ளைகள் கேள்வி கேட்டால் எழுதி அனுப்பு, வீடியோவில் நானே பதில் சொல்கிறேன். இரவு பகல் வித்தியாசத்தைப் பார்த்து நேரம் குறி; போன தடவை போல விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பாதே.

அம்மாவுக்கும் அத்தானுக்கும் என் அன்பு.

உன் தம்பி